ஒன்றரைக் கட்டை

கிட்டாரின் மூன்றாவது தந்தி மறுபடியும் பிசகியிருந்தது.

முறுக்காணியைத் திருகி, தட்டிப் பார்த்தேன். இப்போது இரண்டாவது தந்தி தப்பாகக் கேட்டது. அதைத் திருகினேன். பிறகு மறுபடியும் மூன்றாவது.

"விடு, கிழட்டுக் குரங்கே. அறுந்துடப் போகுது," என்றாள் என் மனைவி சியூகி. கண்ணாடி முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வெந்நீர் ஆவிதான்," என்றேன்.

வெந்நீர் ஊற்றுகளின் ஊரான இந்தப் பெய்தோவில் எந்தக் குற்றத்தையும் கந்தக ஆவியின் தலையில் போட்டுவிடலாம். இங்கே இரண்டு வாரத்தில் தந்தி கறுத்துவிடும்.

வெளியே கூடத்தில் தேயிலை வியாபாரிகளின் மதிய விருந்து. பன்னிரண்டு மேசை. மீன் தட்டு வந்ததும் நாங்கள் மேடையேற வேண்டும்.

இருபத்தாறு வருடமாக வெந்நீர் விடுதி ஒவ்வொன்றாக ஏறி இறங்கும் எங்கள் குழுவில் இரண்டே பேர். அவள் குரல், என் கிட்டார். இன்று முதல்முறையாக மூன்றாவது ஆள். விருந்து பெரிது, இரண்டு பேர் சத்தம் பத்தாது என்று விடுதி முதலாளியம்மா தைபேயிலிருந்து ஓர் அக்கார்டியன்காரரை வரச் சொல்லியிருந்தாள்.

அக்கார்டியனுக்கு முறுக்காணி கிடையாது. செய்தபோது வைத்த சுருதி அப்படியே நிற்கும்.

என் கிட்டார் அந்தச் சுருதிக்கு ஒன்றரைக் கட்டை கீழே இருந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு கல்யாண விருந்தில் சியூகியின் குரல் உச்ச இடத்தில் உடைந்தது. ஒரே ஒரு முறைதான். அவள் சிரித்துச் சமாளித்தாள். வீடு வந்து சேர்ந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு தந்திகளையும் அரைக் கட்டை தளர்த்தினேன். விரல்கள் பழைய இடங்களிலேயே ஓடின. அவள் பார்ப்பது என் விரல்களை மட்டும்தான். பாட்டு உடையாமல் முடிந்தது.

கோடையில் அவள் குரல் இன்னும் கனத்துவிட்டதாகப் பட்டது. இன்னோர் அரைக் கட்டை. இலையுதிர் காலத்தில் இன்னொன்று. தளர்ந்த தந்திகள் கிட்டாரின் கழுத்துப் பலகையில் உரசி இரைந்தன. தடித்த தந்திகள் வாங்கிக் கட்டினேன். மலிவாகக் கிடைத்தது என்று அவளிடம் சொன்னேன்.

"குரல் போச்சுன்னா அன்னைக்கே நிறுத்திடுவேன்" என்று அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்துவிடுகிறவள். நிறுத்திவிட்டால் அந்தச் சின்ன வீட்டில் நாள் முழுக்க என்ன செய்வாள்? என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னும் கால் மணி நேரத்தில் அக்கார்டியன் உண்மையான சுருதியில் வாய் திறக்கும். பன்னிரண்டு மேசைக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மனிதரைத் தனியே பிடிக்க வேண்டும். நீங்களும் ஒன்றரைக் கட்டை இறக்கி வாசியுங்கள், ஏன் என்று மேடையில் கேட்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவர் இன்னும் வரவில்லை.

இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"என்ன, தவளையை முழுங்கிட்டியா? ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிற."

"காத்து வாங்கப் போனேன்."

"இந்த ஊர்ல ஏது காத்து? அழுகின முட்டை நாத்தம்தான்."

மூன்றாம் முறை போனபோது அவர் சமையற்கட்டு நடையில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலடியில் அக்கார்டியன் பெட்டி, கையில் மீன் உருண்டை சூப்.

"அண்ணே, கிட்டார்காரர் வந்துட்டாரா?"

பரிமாறுகிறவர்கள் போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டுதான் எனக்கும். உள்ளே இருக்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காது மழுங்கிப் போச்சாம் அவருக்கு, பாவம். ஒரு வருஷமா கிட்டார் சுருதி இறங்கிக்கிட்டே வருது, மனுஷனுக்குத் தெரியலையாம். பாடுற அம்மா, அவர் சம்சாரம்தான், முந்தாநேத்து போன் பண்ணிச் சொன்னாங்க. நானும் ஒண்ணரைக் கட்டை இறங்கி வாசிக்கணுமாம். மூச்சு விடக் கூடாதாம். தெரிஞ்சா அவர் அப்புறம் கிட்டாரையே தொட மாட்டாராம்."

ஒரு மீன் உருண்டையை மென்று விழுங்கினார்.

"அடித்தொண்டையிலயே பாடிப் பாடி அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிப் போகுதாம். அப்பவும் பரவாயில்லைங்கிறாங்க."

மீன் தட்டுகள் எங்களைத் தாண்டிப் போயின. ஆவியில் இஞ்சி மணத்தது. அந்தக் கல்யாணத்துக்கு முந்தின இரவு அவள் காய்ச்சலோடு இஞ்சித் தண்ணீர் குடித்தது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"வாங்க," என்றேன்.

அறைக்குள் நான் கிட்டாரை எடுத்து மடியில் வைத்ததும் அவர் முகம் வெளுத்தது. சியூகியைப் பார்த்தார். அவள் உதட்டுச் சாயத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சுரம் குடுங்க தம்பி. இறக்காம, இருக்கிறபடியே."

அவர் தயங்கினார். பிறகு துருத்தி விரிந்தது.

அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு முதல் தந்தியை ஏற்றினேன். தடித்த தந்தி முனகியது. அறுந்தால் அறுந்துபோகட்டும். இரண்டாவது. மூன்றாவது. சியூகி கண்ணாடியை விட்டுத் திரும்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது தந்தியும் ஏறி நின்றது.

வெளியே எங்கள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மேடையில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தது. முழங்கால் வலி என்று சொல்லி, கிட்டார் இறங்கிய நாளிலிருந்து அவள் உட்கார்ந்துதான் பாடிவருகிறாள்.

சியூகி அதை ஓரமாக நகர்த்திவிட்டு, நின்றாள்.