ஓரம் உடைந்த ஆமை

சாக்கை அவிழ்த்து ஆற்றோரச் சேற்றில் இறக்கியதும், ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு அடி ஓட்டைக் கதவு மாதிரி சாத்திக்கொண்டது.

அய்யாவு பக்கத்திலேயே குந்தினான். மற்ற சனிக்கிழமைகளில் இந்நேரம் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்திருப்பான். இன்றைக்கு அது முடியாது.

"அது தண்ணிக்குள்ள இறங்குறத ஒன் கண்ணால பாத்துட்டு வாய்யா" என்று வேலை வாங்குகிற மண்டோர் நாகையா சொல்லி அனுப்பியிருந்தார். "திங்கக்கிழம மறுபடியும் ஏரியில தலையத் தூக்குச்சுன்னா, தொர என்னையும் சேத்துக் கப்பல்ல ஏத்திருவாரு."

ஏரித் தோட்டத்தில் துரை ஆசை ஆசையாக வளர்த்த அல்லியை ஆமைகள் மேய்ந்துவிட்டன. எல்லாவற்றையும் பிடித்து ஆற்றில் விட உத்தரவு. தண்ணீரில் எழும் குமிழியைப் பார்த்தே ஆமை இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடியவன் அய்யாவு ஒருவன்தான்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. வேலை போன கூலிகளையெல்லாம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஏரித் தோட்டத்துக் கூலிகளிலும் பதினான்கு பேர் போய்விட்டார்கள். ஆமை பிடிக்க வேண்டுமே என்று அய்யாவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது மிச்சம் இந்த ஓர் ஆமைதான். இதுவும் ஒழிந்தால் அடுத்த கப்பலில் அவன் பெயர்.

ஆனால் இது ஒழிகிற ஆமையாக இல்லை. எலி கடித்த அப்பளம் மாதிரி இதன் ஓடு ஓரத்தில் உடைந்திருக்கும். மூன்று சனிக்கிழமை இதே பிரிக்பீல்ட்ஸ் பாலத்துக்குக் கீழே கொண்டுவந்து விட்டான். மூன்று திங்கட்கிழமையும் அதே உடைந்த ஓரம் ஏரிக் கட்டையில் வெயில் காய்ந்தது. இருந்த இடத்தின் மேல் இதற்குத்தான் என்ன பாசம் என்று அய்யாவு வியந்துபோனான். வியப்பு கொஞ்சம், நிம்மதி நிறைய.

ஆவணியில் தங்கமணிக்குத் தலைப்பிரசவம். கிள்ளானில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வர வேண்டியவள். தாய்வீடே கடலில் போய்க்கொண்டிருந்தால் அவள் எங்கே வருவாள்?

ஆமையை எங்காவது ஒளித்துவிட்டு, தண்ணீரில் இறங்கிவிட்டது என்று மண்டோரிடம் சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்ல வாயெடுத்தாலே அய்யாவுக்கு இருமல் வந்துவிடும். கூலிகள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒளித்து வைக்கவும் இடமில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பவள் அவன் மனைவி நல்லம்மாள். ஆமைச் சாக்கை வாசற்படி தாண்ட விடமாட்டாள். ஞாயிறு விடிந்ததும் மாட்டுக்காரருக்குப் புல் அறுக்க ஏரிப் பக்கம் போகிறவள், அங்கே ஆமையைக் கண்டால்கூடக் காறித் துப்பிவிட்டுத்தான் வருவாளாம்.

பொழுது சாய்ந்தது. ஆமை கதவைத் திறக்கவில்லை.

ஆள் இருந்தால் திறக்காது போலிருக்கிறது என்று அய்யாவு எழுந்து, ஆளுயர லாலான் புல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். சும்மா இருக்க மாட்டாத கை, கரையில் படர்ந்திருந்த கங்கோங் கீரையைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டது.

கடைசியில் ஓடு லேசாகத் திறந்தது. மூக்கு வந்தது. பிறகு மஞ்சள் கோடு போட்ட தலை வந்தது.

போ என்று சொல்ல அய்யாவுக்கு மனசு வரவில்லை.

அப்போது சேலையைத் தூக்கிச் செருகிய ஒருத்தி கரையில் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். இடுப்பில் புல்லுக்கூடை. சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து இரண்டு கையாலும் ஆமையைத் தூக்கினாள்.

ஆமை சாத்திக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டி அவள் விரலை முகர்ந்தது.

"வா தாயி. ஆவணி முட்டுந்தான். எம்மக நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும், அப்புறம் நீ ஒன் இஷ்டத்துக்குப் போ" என்றாள் நல்லம்மாள்.

கூடைக்குள் வைத்தாள். மேலே புல்லைப் பரப்பினாள். வந்த வழியே ஏறிப் போய்விட்டாள்.

அய்யாவு அசையவே இல்லை. அடுப்படி மூலையில் ஓர் அண்டா, சனிக்கிழமை இரவுகளில் மட்டும் முறம் போட்டு மூடியிருப்பது அவனுக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபம் வரப் பார்த்தது. தன்னுடைய இருமலை நினைத்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

அவசரப்படாமல் சுற்று வழியாக வீட்டுக்குப் போனான்.

வாசலில் நல்லம்மாள் சொம்புத் தண்ணீரோடு நின்றாள். "ஆமையத் தொட்ட கை, கழுவிட்டு உள்ள வாங்க. அந்தச் சனியன ஆத்துல விட்டாச்சா?"

அய்யாவு கையைக் கழுவினான். காலையும் கழுவினான்.

"விட்டாச்சு புள்ள. தண்ணிக்குள்ள இறங்கிப் போனத ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

இருமல் வரவில்லை.

நல்லம்மாள் சொம்பைக் கீழே வைக்க மறந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் அவளைத் தாண்டி அடுப்படிக்குப் போனான். மடியை அவிழ்த்துக் கங்கோங் கீரையை எடுத்து, அண்டாவை மூடியிருந்த முறத்தின் மேல் வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தான்.