சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

"செருப்பை வெளியிலேயே விடும்மா. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ளே வா."

தங்கச்சியின் மாமியார் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வாயார ஒரு 'வாம்மா'கூட இல்லை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. போதாததற்கு இரண்டு நாளாக விடாத இருமல். தங்கச்சிக்கு கிட்னி மாற்றியபோது ஆஸ்பத்திரியில் எட்டி நின்று பார்த்ததோடு சரி; அதன் பிறகு இப்போதுதான் வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அது விஷயமாகத்தான் பேச வந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், பக்கத்து சீட்டுக்காரி பயந்துபோய் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் தங்கச்சி இருந்த இருப்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

கூடத்தில் அத்தனை நாற்காலி இருக்க, அவள் மட்டும் உள் அறையில் ஜன்னலோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். டம்ளரைச் சுற்றிச் சிவப்பு நூல். கொடியில் தனியாகத் தொங்கிய துண்டின் முனையிலும் அதே சிவப்பு நூல்.

"இதென்னடி அடையாளம்?"

"என் சாமான்க்கா. மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு அத்தை கட்டி வச்சிருக்காங்க."

"சாப்பாடு?"

"எனக்கு இங்கேயே வந்துடும். அவங்க எல்லாரும் கூடத்துல சாப்பிடுவாங்க."

அக்காவுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த மாமியாரின் பேத்தி பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "சித்தீ!" என்று ஓடி வந்தாள்.

"ஏய், உள்ளே போகாதே!"

சமையலறையிலிருந்து வந்த சத்தத்தில் குழந்தை அறை வாசலிலேயே நின்றுவிட்டது. கையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

இதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மா போன பிறகு அந்தத் தங்கச்சியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா.

"இந்த வீட்ல இனிமே நீ இருக்க வேண்டாம்டி. ஞாயித்துக்கிழமை கழியட்டும். திங்கக்கிழமை காலையில வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அக்கா, அது வந்து..."

"நீ வாயைத் திறக்காதே! உனக்கு வாய் இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். மாமியார் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏன் சம்பந்தியம்மா, என் தங்கச்சிக்கு என்ன தொத்து வியாதியா? தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு! சின்னக் குழந்தையைக்கூடக் கிட்ட விடமாட்டேங்கறீங்க!"

"மெதுவாப் பேசும்மா. மூணு மாடிக்கும் கேக்குது."

"கேக்கட்டும்! வியாதி வந்துட்டா அவ மனுஷி இல்லையா? இதோ பாருங்க, நான் குடிக்கறேன். அவ எச்சில் எனக்கு அமிர்தம்!"

டம்ளர் உதடு வரைக்கும் போய்விட்டது. மாமியார் பாய்ந்து பிடுங்கினாள். இருந்த தண்ணீர் இருவர் மேலும் சிந்தியது.

"இருமிக்கிட்டே வந்து அவ டம்ளர்ல வாயை வைக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?"

அக்கா ஓரடி பின்வாங்கினாள்.

"மாத்தி வச்ச கிட்னியை உடம்பு ஏத்துக்கணும்னு, அவளோட எதிர்ப்பு சக்தியையே மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்காங்க. நமக்கு ரெண்டு தும்மலோட போறது அவளைப் படுக்கையில தள்ளிடும். அந்தக் குட்டி பள்ளிக்கூடத்துலேருந்து ஜலதோஷத்தோடதான் வீடு வந்து சேருது. அதான் குளிக்காம உள்ளே விடறதில்லை. அவகிட்டேருந்து நமக்கு எதுவும் வராதும்மா. நம்மகிட்டேருந்து அவளுக்கு எதுவும் போயிடக் கூடாது."

சொல்லிக்கொண்டே டம்ளரை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினாள்.

"சொல்லத்தான் வந்தேன், வாயைத் திறக்காதேன்னுட்டியே!" என்று உள் அறையிலிருந்து தங்கச்சி சிரித்தாள்.

அக்காவுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அதை அப்படியே விழுங்கினாள்.

மாமியார் அடுப்பைத் தணித்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றப்பவும் இந்த டம்ளரை எடுத்துட்டுத்தான் வருவேன். தப்பா நினைச்சுக்காதே. காத்து வர்ற இடமா ஜன்னலோரம் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வை. மாப்பிள்ளை வீட்ல யாராவது கேட்டா, என் மருமகளுக்கு கிட்னி மாத்தியிருக்குன்னு நானே சொல்லிடறேன். இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

"போன்ல, ஞாயித்துக்கிழமை விஷயமா நேர்ல பேசணும்னியேக்கா? என்ன அது?" தங்கச்சி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போதுமா, உன் மாமியாருக்கும் சேத்துப் போடணுமான்னு கேக்கத்தான்."

பஸ்ஸில் வழி நெடுக அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு: 'அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ வராம இருந்துடுடி. உன் வியாதி தெரிஞ்சா, என் பொண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போயிடும்.'