தலைகீழாக நாலு பக்கம்

“எழுதித் தர மாட்டேன் தம்பி. இன்னும் பத்துத் தடவை வந்தாலும் இதே பதில்தான்.”

சொல்லிவிட்டு வீரமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அச்சகத்தில் முப்பது வருஷம் பைண்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஹரிஹரசுதனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரத்துக்கு இது மூன்றாவது நடை. இன்றைக்குக் கடிதம் இல்லாமல் கிளம்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, பேங்க்கில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மேஜை மேல் பதினொரு பழைய காமிக்ஸ் புத்தகங்கள், மாதத்துக்கு ஒன்றாக. பழைய புத்தகக் கடையில் ஒரே கட்டாகக் கிடைத்தவை. யாரோ பாடப் புத்தகத்துக்குப் போடுவது போல பிரவுன் தாளில் அட்டை போட்டு, ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு குறை. பதினொன்றிலும் நடுத்தாளைத் தலைகீழாக வைத்துப் பின் அடித்திருந்தது.

“ஐயா, மறுபடியும் சொல்றேன். இதை அமெரிக்காவுக்கு அனுப்பினா, எந்த நிலைமையில இருக்குன்னு பார்த்து மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சுத் தருவாங்க. குறை பிரஸ்லயே வந்ததுன்னா மார்க்கைக் குறைக்க மாட்டாங்க. ‘பைண்டிங்ல தவறுதலா நடந்தது’ன்னு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். வெள்ளிக்கிழமை பார்சல் போகுது.”

“தவறுதலா நடக்கலை.”

“அப்போ இது உங்க பிரஸ்ல அடிச்சது இல்லையா?”

“எங்க பிரஸ்தான். பின் அடிச்சதும் நான்தான்.”

“பின்னே என்னங்க? கை தவறாத மனுஷன் உண்டா?”

“என் கை தவறினதில்ல.”

ஹரிஹரசுதனால் இதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணெதிரே பதினொரு தவறு வரிசையாகக் கிடக்கிறது. மனிதருக்கு என்ன வீம்பு!

பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ரஞ்சித் ஏற்கெனவே கிண்டல் செய்திருந்தான். ‘வேஸ்ட் காப்பியைக் கட்டிக்கிட்டு அழறான்’ என்று. அதே வேஸ்ட் காப்பிக்கு நல்ல மார்க் வாங்கிக் காட்டுகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சவால் விட்டாயிற்று. ஒரு பெரியவரின் வறட்டுக் கௌரவத்துக்காக அதை விட்டுக்கொடுப்பதா?

“உங்க தொழில் பேரு கெட்டுடும்னு பயப்படறீங்க. அவ்வளவுதானே?” என்று கேட்டேவிட்டான்.

காபி கொண்டு வந்த வீரமலையின் மனைவி அமிர்தம், டம்ளரை நங்கென்று வைத்தாள்.

“சொல்லித்தான் தொலைங்களேன். இந்தத் தம்பி உங்களைக் கர்வம் பிடிச்ச ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போகட்டுமா?”

வீரமலை ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஹரிஹரசுதனிடம் நீட்டினார்.

“படிங்க.”

படித்தான்.

“கதை எங்கேயாவது விட்டுப்போகுதா?”

“இல்லை. நாலு பக்கமும் வரிசையாத்தான் வருது.”

“அதுக்குத்தான் நடுத்தாள். வேற எந்தத் தாளைத் திருப்பினாலும் கதை குழம்பிடும்.”

“திருப்பினீங்களா? வேணும்னேவா?”

“எங்க பிரஸ்ஸுக்குப் பின்னால ஒரு ஹாஸ்டல் இருந்துச்சு. பச்சைமலைப் பிள்ளைங்க தங்கிப் படிச்சுதுங்க. மலைக்கு அப்போ பஸ் ஏது? லீவு நாள்லயும் பாதிப் பிள்ளைங்க அங்கேயேதான் கிடக்கும். காமிக்ஸ் பைண்டிங் ஆகிற அன்னிக்குக் காம்பவுண்டுச் சுவத்து மேல வரிசையா தலை தெரியும்.”

“அதுங்களுக்குக் குடுத்தீங்களா?”

“நல்ல காப்பி அத்தனையும் பதிப்பகத்துக்குப் போயாகணும். வேஸ்ட்டை மட்டும் பிள்ளைங்களுக்குக் குடுன்னு எங்க முதலாளி பெஞ்சமின் சொல்லியிருந்தாரு. ஆனா என் கையில வேஸ்ட்டே விழாதே! மூணு மாசம் அந்தப் பிள்ளைங்க வெறுங்கையோட போச்சுங்க. நாலாவது மாசம் மனசு கேக்கலை. பன்னெண்டு காப்பியில தாளைத் திருப்பி வெச்சுப் பின் அடிச்சேன். அப்புறம் மாசா மாசம் பன்னெண்டு.”

வீரமலை புத்தகத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

“இப்போ தவறுதலா நடந்ததுன்னு எழுதினா, அது பொய் தம்பி. எழுத மாட்டேன்.”

ஹரிஹரசுதன் பிரவுன் அட்டையைத் தடவிப் பார்த்தான். இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது யார் என்று இப்போது புரிந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவுக்கு அனுப்பும் ஃபாரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தான்.

“வேண்டாங்க, அனுப்பலை. சீல் வெச்சுட்டா அப்புறம் யாரும் திருப்பிப் பிடிச்சுப் படிக்க முடியாது.”

அமிர்தத்தின் முகம் மலர்ந்தது. “காபியைக் குடிங்க தம்பி, ஆறிடப் போகுது.”

குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் கேட்டான். “ஒரு மாசம் ரெண்டு மாசம்னா சரி. வருஷக்கணக்காவா? உங்க முதலாளி கண்டுபிடிக்கவே இல்லையா?”

“அவரா? எல்லார் முன்னாலயும் கூப்பிட்டு வெச்சுத் திட்டுவாரு. ‘கண்ணு அவிஞ்சு போச்சாடா வீரமலை? இந்த மாசமும் பன்னெண்டு வேஸ்ட்டா?’ன்னு கத்துவாரு. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். பிரஸ்ஸே அவரைக் கல்நெஞ்சுக்காரன்னு சொல்லும்.”

சொல்லும்போதே வீரமலைக்குச் சிரிப்பு வந்தது.

“ஒரு ஜூன் மாசம் அதே மாதிரி திட்டித் தீர்த்தாரு. எல்லாரும் போனப்புறம் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னாரு. ‘ஹாஸ்டல்ல புதுசா மூணு பிள்ளைங்க சேர்ந்திருக்காம். பார்த்து வேலை செய்டா!’”