கடைசிப் பள்ளம்

"செத்துட்டாளா?" என்று கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் முதலாளி.

"செத்துட்டா சார்" என்றார் டிசைனர். "காலையிலேர்ந்து இது நாப்பத்தோராவது தடவை."

கண்ணாடி அறைக்குள் அந்தப் பெண் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக்கொண்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கினாள். வீடியோ கேமைக் கடைக்கு அனுப்பும் முன் ஆடிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவை செத்து நூறு தடவை எழுந்து வருகிறவள் என்பதால் ஆபீசில் அவளுக்கு 'எமகாதகி' என்று பெயர்.

முதல் பாகத்தில் பட்ட சூடு முதலாளிக்கு இன்னும் ஆறவில்லை. அதில் கடைசிப் பள்ளத்தை மனுஷ ஜென்மம் எதாலும் தாண்ட முடியவில்லை, வாங்கினவர்கள் வண்டை வண்டையாகத் திட்டித் தீர்த்தார்கள். அதனால் இரண்டாம் பாகத்துக்கு ஒரே சட்டம்தான். நம் ஆள் ஒருத்தர் தன் கையால் ஆடி முடித்தால்தான் ஆட்டம் வெளியே போகும்.

அது வெளியே போன மறுநாள் ஆபீசுக்குப் பூட்டு. இந்தத் தொழிலே போதும் என்று முதலாளி ஆபீசில் இருக்கிற பதினோரு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

டிசைனருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஓடிக் குதிக்கிற பழைய பாணி ஆட்டத்துக்குப் பள்ளமும் முள்ளும் வரைவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவரை இனி எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ஆகவே மூன்று வாரமாக, எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்தக் கடைசிப் பள்ளத்தைத் தினமும் துளித் துளியாக அகலமாக்கிக்கொண்டிருந்தார். தாண்டவே முடியாதபடி செய்ய மனசு வரவில்லை. ஆனால் சாமானிய விரலால் ஆகிற காரியமாகவும் அதை அவர் விட்டுவைக்கவில்லை.

இதில் ஒரு பாவமும் சேர்ந்துகொண்டது. ஆடிப் பார்க்கிற அந்தப் பெண்ணின் அக்காவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. லீவு கேட்டதற்கு, "ஆட்டத்தை முடி, அன்னிக்கே கிளம்பு" என்றுவிட்டார் முதலாளி. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அறைக் கதவை வெளியிலிருந்து தாழ் போடுவதே தான்தான் என்பது போல டிசைனருக்கு உறுத்தியது.

பள்ளம் எவ்வளவு அகன்றாலும் அவள் விழுகிற இடம் மட்டும் மாறவில்லை. அரை நொடி பிந்திக் குதித்து, இந்தப் பக்கத்து விளிம்பிலேயே சரிந்துவிடுவாள். விரல் ஓய்ந்துவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

"இப்பப் பாருங்க" என்றார் முதலாளி. "மூணு மாசம் முன்னாடி போட்ட பழைய பள்ளத்தையே இதுல வைக்கச் சொல்லிட்டேன். எப்படி விழறான்னு பாக்கறேன்."

பழைய பள்ளம் வாசற்படி மாதிரி, தூக்கத்தில்கூடத் தாண்டலாம். முடிந்தது கதை என்று டிசைனர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சுழலும் ரம்பங்களுக்கு நடுவே கொட்டாவி விட்டபடி புகுந்து வந்தாள். ஈட்டிகளைத் தாண்டினாள். பள்ளத்தின் விளிம்புக்கு வந்தாள். அதே இடத்தில் விழுந்தாள்.

முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பழசுலயே விழறான்னா தப்பு நம்ம மேலதான். கடைசி லெவலை மொத்தமா மாத்திப் போடுங்க, ஆறு மாசம் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

டிசைனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனில் குழந்தையின் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"அம்மா, மூணு வாரமா அந்தப் பள்ளத்தை நான்தான் அகலமாக்கிட்டிருந்தேன். வேலை போயிடும்னு பயந்து உன்னை இங்க அடைச்சு வச்சுட்டேன். இப்ப இருக்கறது பழைய பள்ளம்தான். முதலாளியைக் கூப்பிடறேன், ஒரே ஒரு தடவை தாண்டிட்டுக் குழந்தையைப் போய்ப் பாரு."

அவள் எழுந்து, அவர் திறந்துவிட்ட கதவை முதலில் சாத்தினாள்.

"மெதுவா பேசுங்க சார். பதினோரு குடும்பம். ஆபீஸ் கதவைச் சாத்திட்டா எல்லாரும் எங்க போவோம்?"

கட்டைவிரல் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். விரலில் ஒரு கீறல்கூட இல்லை.

"நீங்கல்லாம் சாப்பிடப் போயிருந்தப்ப, முதல் நாளே தாண்டிட்டேன் சார்."