வெள்ளைக்கோட்டுக்கு வெளியே

தசரதன் மேகலாவின் டப்பாவிலிருந்து ஒரு பிடி சோறு அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

கேட்டு எடுக்கவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. டப்பா இருவருக்கும் நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

பைபாஸின் எதிர்ப்பக்கம், மூடிக்கிடந்த பஞ்சர் கடை நிழலில் பைக்கை நிறுத்திவிட்டு வேறொருவன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் மாடு கிடந்தது. செவலை மாடு. விடிகாலையில் ஏதோ லாரி அடித்துவிட்டுப் போயிருந்தது. வயிறு உப்பத் தொடங்கியிருந்தது.

நகராட்சி வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு இருவரும் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தசரதன் டிரைவர். மேகலா கூடப் போகிறவள். ஊரில் நாய் செத்தாலும் மாடு செத்தாலும் இந்த இரண்டு பேர்தான் வரவேண்டும்.

மேகலா, பஞ்சர் கடை நிழலில் நிற்பவனின் மனைவி.

அவனுக்கு ஜவுளிக்கடையில் வேலை. சேலைப் பிரிவு. நாளெல்லாம் பட்டுச்சேலையை விரித்து மடிக்கிற கை. இன்று தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தான். தலை வலிக்கவில்லை.

கொஞ்ச நாளாக வீட்டில் காலைச் சோறு கூடுதலாக வெந்துகொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டான்.

"தசரதனுக்கும் சேத்துதான். கடையில துன்னு துன்னு வயித்தக் கெடுத்துக்கிறான்."

ஒளிக்காமல்தான் சொன்னாள். அதுதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது. ஒளித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவன் கண்டிஷன் போட்டிருந்தான். பின்வாசல் வழியாக வரவேண்டும். குளிக்காமல் எதையும் தொடக்கூடாது. குளித்துவிட்டு வந்து அவள் நீட்டிய தண்ணீரைக்கூட ஒரு நொடி யோசித்துத்தான் வாங்கினான். படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் சோப்பை மாற்றிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

இதோ, அதே கை பிசைந்த சோற்றை ஒருவன் தின்கிறான். விரலை வேறு நக்கிக்கொள்கிறான்.



சுங்கச்சாவடி ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டைக் காட்டினார்.

"கோட்டுக்கு உள்ள கெடந்தாதான் நாங்க எடுக்கணும். இது மண்ணுல கெடக்குது. நீங்கதான் எடுக்கணும்."

"லாரி அடிச்சது உங்க ரோட்டு மேல சார்," என்றான் தசரதன். "இழுத்துக்கினு வந்து இங்க உயிர வுட்டுருக்குது. அதுக்கு இன்னா தெரியும், கோடும் கீடும்?"

"மாட்டுக்காரன் எங்க?"

"மாடு உசுரோட இருந்திருந்தா வந்திருப்பான்."

ஜீப்காரர் போன் போட்டார். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. மாட்டைப் போட்டோ எடுத்தார். கோடும் சேர்ந்து தெரியும்படி கொஞ்சம் தள்ளி நின்று இன்னொன்று எடுத்தார்.

மேகலா கை கழுவிவிட்டு எழுந்தாள். வழக்கு முடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கயிற்றின் நுனியை மாட்டின் வயிற்றுக்கடியில் தள்ளினாள். மறுபக்கம் குனிந்து தசரதன் அதை வாங்கினான்.

தசரதன் அங்கே இருக்கிறானா என்று அவள் பார்க்கவில்லை. இருப்பான் என்று தெரிந்திருந்தது.

எதிர்ப்பக்கம் நின்றவன் அதைக் கவனித்தான். சோற்றைவிட அது அதிகமாகச் சுட்டது.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இதே வேலைதானா?" என்றார் ஜீப்காரர்.

தசரதன் சிரித்தான்.

மேகலா முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

யாரும் சொல்லவில்லை.

அவன் சாலையில் இறங்கிவிட்டான். ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. அவன் நிற்கவில்லை.

"நான்தான் புருசன்."

கத்தியேவிட்டான்.

ஜீப்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பையில் கடைப் பெயர் தைத்த சட்டை. மடிப்புக் கலையாத பேண்ட். தசரதனும் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மேகலா நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

"சரி. அந்தப் பின்னங்கால புடி."

அவன் காலைப் பார்த்தான். குளம்பில் சாணி காய்ந்திருந்தது. தொடையில் ஈக்கள்.

ஜீப்காரர் இரண்டடி பின்னால் போனார்.

அவன் குனிந்து பிடித்தான்.

நினைத்ததைவிடக் கனம். தோலில் இன்னும் சூடு இருந்தது. வெயில் சூடாகவும் இருக்கலாம்.

தசரதன் வண்டியிலிருந்த, கயிற்றை இழுக்கும் உருளையைச் சுற்றத் தொடங்கினான். கயிறு விறைத்தது.

"ஏய்ய்..." என்று குரல் கொடுத்தான் தசரதன்.

"ஓ..." என்றாள் மேகலா.

மாடு மண்ணை விட்டுக் கிளம்பியது.

"ஏய்ய்..."

"ஓ..."

எங்கே தூக்குவது, எங்கே மூச்சு விடுவது என்று அந்த இரண்டு குரல்களுக்கும் தெரிந்திருந்தது. இந்தக் குரலை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் அவளுக்கு இப்படி ஒரு குரலே கிடையாது.

அவன் தசரதனின் குரலுக்குத் தூக்கினான். அவளுடைய குரலுக்குத் தூக்கியிருக்கவேண்டும். கால் நழுவி அவன் மார்பில் மோதியது. சட்டை நனைந்தது.

மேகலா கையை உயர்த்தினாள். உருளை நின்றது.

"மெதுவா தசரதா. ஆளு புதுசு."

அவன் காலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அவள் எப்போது குரல் கொடுப்பாள் என்று காத்திருந்தான்.