லிட்டருக்குப் பதினஞ்சு

“டீசலை வண்டி குடிக்கல வாப்பா. சாம்சன் விக்கிறான்!”

கடை வாசலிலேயே கத்தினான் பைசல். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு சேஃப்டி ஷூ, கையுறை சப்ளை செய்கிற கடை. அப்துல் வாஹித் முதலாளி. மகன் பைசல் கணக்கு. டெலிவரிக்கு ஒரு சின்ன டீசல் கார். அதை ஓட்டுபவர்தான் சாம்சன்.

“லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் குடுத்த வண்டி. ஆறு மாசமா பதினஞ்சைத் தாண்டல. மீதி எங்க போவுது?”

சாம்சன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, சிப்காட் ரோட்டுல லாரிங்க நிக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்லயே உருட்டிக்கினு போனா எந்த வண்டி இருபது குடுக்கும்?”

“யோவ், கதை விடாத!”

வாஹித் உள்ளேயிருந்து வந்தார். “இன்னாடா காலையிலயே பேஜாரு? இப்ப இன்னா செய்யணும்ன்ற?”

“டேங்க்கை நெரப்புவோம். திருவள்ளூர் டெலிவரிக்கு நானே ஓட்டிக்கினு போறேன். வந்து மறுபடி நெரப்புவோம். பதினஞ்சே வந்தா வண்டி மேல தப்பு, இவர் கால்ல விழறேன். இருபது வந்துச்சு...” பைசல் போனை ஆட்டினான். “இவர் போட்டோ டிரைவருங்க குரூப்ல போவும். அப்புறம் சிப்காட்ல ஒருத்தன் இவரை நம்பி சாவி குடுக்க மாட்டான்.”

சாம்சன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நானும் வரேன். உன்னை நம்பி அனுப்புனா பம்பரை எங்கனா கழட்டி வுட்டுட்டு வருவே.”

பங்க்கில் டேங்க் நிரம்பி, பைப் ‘டக்’கென்று தானாக நின்றதும் வாஹித் கையைக் காட்டினார். “போதும், எடு எடு. லேட் ஆவுது.”

பைசல் ஓட்டினான். ஏசி கிடையாது. அறுபதைத் தாண்டவில்லை. பெரியபாளையத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோதுகூட பிரேக்கைத் தொட யோசித்தான்.

“டேய், டிராக்டர்காரன் ஆரன் அடிக்கிறான். வழியை வுடுடா” என்றார் வாஹித்.

சாம்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்சீட்டில் ஷூ பெட்டிகளுக்கு நடுவே கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

“இன்னாத்துக்கு அந்தக் கண்ணாடியைப் போட்டு வதைக்கிறீங்க?” முறைத்தான் பைசல்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி பங்க்குக்குள் நுழைந்தபோது மீட்டரில் நூற்றிரண்டு கிலோமீட்டர். அந்த நேரம் பார்த்து ஏதோ கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசரிடமிருந்து போன். பங்க்கில் பேசக் கூடாதென்று பைசல் இறங்கி ரோட்டோரம் ஓடினான்.

டக். பைப் நின்றது.

“நிறுத்தாதம்மா, ஊத்து” என்றார் வாஹித்.

“ஃபுல்லு பாய்” என்றாள் டீசல் போட்ட பெண்.

“மேல தெரியிறது நுரை. நுரையை எடுத்துக்கினு போவவா நான் வந்தேன்?” காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். “ம், ஊத்து. மெதுவா ஊத்து.”

மறுபடி டக். மறுபடி ஆட்டினார்.

பின்னால் நின்ற லாரிக்காரன் தலையை நீட்டினான். “யோவ் பாய்! தொட்டிலை ஊட்டுல போய் ஆட்டுய்யா!”

“உன் அப்பன் ஊட்டு டீசலா? பொத்திக்கினு நில்லு!”

வாய் வரைக்கும் டீசல் ஏறி மினுங்கிய பிறகுதான் மூடியைப் போடவிட்டார். அந்தப் பெண் தலையிலடித்துக்கொண்டாள்.

பைசல் ஓடிவந்து பில்லைப் பிடுங்கினான். ஆறு லிட்டர் தொள்ளாயிரம் மில்லி. போனில் வகுத்தான். அழித்துவிட்டு மறுபடி வகுத்தான். முகம் விழுந்துவிட்டது.

“பதினஞ்சுகூட முழுசா வரல வாப்பா... நானே ஓட்டியும் வரல. இன்ஜெக்டர்தான் போச்சு போல.”

“அவர் கால்ல விழறேன்னியே?”

பைசல் குனிந்தேவிட்டான். சாம்சன் துள்ளிப் பின்னால் போனார். “ஐயோ தம்பி, வேணாம்! வேணாம்!”

“மன்னிச்சிடுங்கண்ணே. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்.” நிமிர்ந்து பார்க்க முடியாமல், “டீ சொல்றேன்” என்று எதிர்க்கடைக்கு நடந்தான்.

அவன் ரோட்டைத் தாண்டும்வரை சாம்சன் பொறுத்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“பாய்... வண்டி மேல தப்பு இல்ல பாய். நான்தான்...”

“தெரியும். காலையில முழுசா நெரப்பவுடாம எடுக்கச் சொல்லி, இப்ப ஆட்டி ஆட்டி ரெண்டு லிட்டர் எக்ஸ்ட்ராவா ஊத்துனது எதுக்குன்னு நெனச்சே? இல்லாட்டி நல்லா இருபது வந்திருக்கும்.”

“பொண்ணு ஏஞ்சலினுக்கு...”

“நான் காரணம் கேட்டேனா?”

சாம்சன் எதிர்க்கடையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “அப்புறம் ஏன் பாய் என்னைக் காப்பாத்துனீங்க?” என்றார்.

வாஹித்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

“டீசல் வெல ஏறுனப்பல்லாம் ஒவ்வொரு கம்பெனியிலயும் போய் சண்டை போட்டு டெலிவரி சார்ஜை ஏத்துனேன். ‘டிரைவர் சம்பளத்தையும் ஏத்திட்டேன் சார், கட்டுப்படி ஆவல’ன்னு சொல்லித்தான் ஏத்துனேன். உனக்கு நாலு வருஷமா அதே பன்னெண்டாயிரம். ஒண்ணாந்தேதியிலேருந்து பதினாறு வாங்கிக்க. இன்னொரு வாட்டி டேங்க்ல டியூபை வுட்டே, நானே ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போவேன்.”

எதிர்க்கடையிலிருந்து பைசல் மூன்று டீயோடு வந்துகொண்டிருந்தான். வாஹித் குரலைத் தாழ்த்தினார்.

“திருடனைப் புடிச்சே தீருவேன்னு நின்னான் எம்புள்ள. வுட்டிருந்தா ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்.”