ஒரு நிமிடக் கெடு

"மூணு நிமிஷமா? டெலிபோன் ஆபீஸ சத்திரம்னு நெனச்சிக்கினீங்களா தபீதாம்மா?"

சூப்பர்வைசர் செங்கல்வராயன் பதிவேட்டை மேசைமேல் போட்டார்.

வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் சித்தூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் அரை மணிக்கு ஒருமுறை திருப்பதியைக் கூப்பிட்டு லைனைச் சோதிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை 'ஹலோ திருப்பதி'. பதில் வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று எழுதிவிட்டு, திருப்பதிக்கான அழைப்புகளையெல்லாம் வேலூர், மெட்ராஸ் என்று சுற்றி அனுப்ப வேண்டும். இந்த மாதம் மட்டும் பதினோரு முறை தபீதாள் அப்படி எழுதியிருந்தாள்.

"லைன்மேன் ரெண்டு வாட்டி கம்பம் கம்பமா பாத்துட்டு வந்துட்டான். கம்பியில ஒண்ணுமில்ல. அப்ப கோளாறு திருப்பதியில ஒக்காந்திருக்கிற அந்த யசோதாகிட்டதான். மேலாபீசுக்கு லெட்டர் டைப் பண்ணியாச்சி. டெம்பரரி ஆளுதானே, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

யசோதாவைத் தபீதாள் பார்த்ததில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான் தெரியும். பிரசவமாகி நாற்பதாம் நாளே வேலைக்கு வந்துவிட்டதாக அந்தக் குரல் ஒருநாள் சொன்னது. அதற்கப்புறம்தான் பதில் வராமல் போக ஆரம்பித்தது.

"பச்ச ஒடம்புக்காரி சார். எங்கனா எழுந்து போய் வரவே ஒரு நிமிஷம் ஆவும். கெடுவ மூணு நிமிஷமா மாத்திடுங்க. அந்தப் பக்கமும் அதே மாதிரி மாத்தச் சொல்லிடுங்க. இங்க மூணு, அங்க ஒண்ணுன்னா, நாம காத்துக்கினு இருக்கும்போதே அவங்க நம்மள செத்துட்டதா எழுதிடுவாங்க."

"வேலூர்க்காரனப் பாருங்க. கூப்பிட்டா காது கிழியற மாதிரி கத்தறான். வெளக்கம் கேட்டதுக்கு இந்த யசோதா என்னா எழுதியிருக்கா தெரியுமா? 'ஒவ்வொரு தடவையும் உடனே பேசினேன்'னு! எவ்ளோ நெஞ்சழுத்தம்!"

"வேல போயிடுமேன்னு பயம் சார். பயத்துல யாரும் சொல்ற பொய்தானே."

"சர்ச்சில மன்னிக்கிறத சர்ச்சோட வெச்சிக்கோங்கம்மா."

இருபது வருடத்துக்கு முன் பால் கட்டிய மார்போடு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தபீதாள். நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடி மூடி எட்டு மணி நேரம். ஐந்து நிமிடம் எழுந்து போகட்டுமா என்று கேட்க அன்று வாய் வரவில்லை. தனக்காகக் கேட்காததை இந்தப் பெண்ணுக்காகவாவது கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"ஒரே ஒரு தடவ நீங்களே கேட்டுப் பாருங்க சார். மூணு நிமிஷத்துல வந்துட்டான்னா லெட்டர கிழிச்சிடணும்."

"வரலைன்னா?"

"நானே தபால்பெட்டியில போட்டுட்டு வரேன்."

செங்கல்வராயன் முனகிக்கொண்டே அவளுக்கு இடப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பயிற்சிக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இரண்டாவது ஹெட்போனை, அவளுடையதைப் போலவே ஒற்றைக் காதுக்கானதை, எடுத்து மாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார்.

பதினொன்றரை. தபீதாள் இணைப்பு வயரைப் பலகையில் சொருகி மணியடித்தாள்.

"ஹலோ திருப்பதி."

பதில் இல்லை. இருபது வினாடி போயிற்று.

"ஹலோ திருப்பதி... யசோதா!"

சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வருவதை நினைத்துப் பார்த்தாள். வாடியம்மா, சீக்கிரம் வந்து ஒரு வார்த்தை பேசிடு.

"ஹலோ திருப்பதி."

ஒரு நிமிடம் முடிந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது சார். லெட்டர எடுக்காதீங்க."

அவர் எடுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, அவளுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து குனிந்தார். கண்டிப்பெல்லாம் போய்விட்ட குரலில் சொன்னார்:

"தபீதாம்மா, மொத மணியிலயே பேசிட்டா, நீங்க கூப்பிட்ட மூணு தடவையும் பதில் சொன்னா. இப்பவும் பேசிக்கினுதான் இருக்கா. 'அக்கா, நான் சொல்றது கேக்கலியா'ன்னு அழுவுறா."

தபீதாள் ஹெட்போனை இடது காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். எவ்வளவு அழுத்தியும் திருப்பதியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.